கடைவீதிக்கு முதலில் நிழலும் உட்கார இடமும் கொடுங்கள், வண்ணம் பிறகு பூசலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறிய நகரம் ஒன்றின் கடைவீதியை அழகுபடுத்தப் போகிறோம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வருகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த படம், வானம் நீலமாக இருக்கும், தரை பளபளக்கும், ஒரு நீரூற்று, ஒரு வளைவு, சுவர் நிறைய ஓவியம், நடுவில் நாலு பேர் நடந்துபோவார்கள். நான் எப்போதும் அந்த நாலு பேரைத்தான் பார்ப்பேன். இவர்கள் கால் வலித்தால் எங்கே உட்காருவார்கள், வெயில் ஏறினால் எங்கே ஒதுங்குவார்கள், கையில் இருக்கும் பை கனத்தால் எங்கே இறக்கி வைப்பார்கள்? படத்தில் அதற்கு இடமே இருப்பதில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

ஒரு சுவரோவியத்தைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று மாடி உயரம். ஒரு பாட்டி குனிந்து விதை தூவுகிறார், விரல்களில் நரம்பு புடைத்திருப்பதுகூடத் தெரிகிறது, வரைந்தவர் அவ்வளவு உழைத்திருக்கிறார். முழுசாகப் பார்க்கலாம் என்று பின்னால் நகர்ந்தேன். இரண்டு அடி, மூன்று அடி, அதோடு நடைபாதை முடிந்துவிட்டது, நாலாவது அடியில் காதைக் கிழிக்கிற ஹாரன். அந்த நடைபாதையே ஓர் ஆள் அகலம்தான், அதிலும் பாதியை ஒரு மின்பெட்டி பிடித்துக்கொண்டிருந்தது. ஓவியம் முழுதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சாலையின் நடுவில்தான் போய் நிற்க வேண்டும். அரை மணி நேரம் அங்கே நின்று கவனித்தேன். கடந்து போனவர்களில் ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. தூக்க முடியாது, ஏனென்றால் காலடியில் ஒரு சிலாப் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது, எல்லோரும் அதைப் பார்த்துத்தான் கால் வைத்தார்கள்.

அந்த ஓவியரை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஓவியத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள் அந்தச் சிலாப்புக்கும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம், முதலில் அதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

தெருவில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1970-களில் நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் பொதுச் சதுக்கங்களைக் குறிவைத்துக் கேமராக்களைப் பொருத்தி, சில சதுக்கங்களில் மட்டும் ஏன் கூட்டம் இருக்கிறது, பக்கத்திலேயே இன்னொன்று ஏன் காலியாகக் கிடக்கிறது என்று ஆராய்ந்தார். இடத்தின் அளவு, வடிவம், கட்டட அழகு இதெல்லாம்தான் காரணமாக இருக்கும் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். கடைசியில் கிடைத்த பெரிய விடை என்னவென்றால், உட்கார இடம் இருந்தால் மக்கள் வந்து உட்காருகிறார்கள். அவ்வளவுதான். நகர்த்தக்கூடிய நாற்காலி போட்டால், உட்காருவதற்கு முன் அதை நாலு அங்குலமாவது நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அந்த நாலு அங்குலத்தில் அந்த இடம் அவர்களுடையதாகிவிடுகிறது. அவருடைய ஆய்வை வைத்து நியூயார்க் நகரம் 1975-ல் சதுக்கங்களுக்கான விதிகளையே மாற்றியது.

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் இன்னொரு கணக்குச் சொல்கிறார். நூறு மீட்டர் தெருவில் 15 முதல் 20 கதவுகள் இருந்தால் அந்தத் தெரு உயிரோடு இருக்கும் என்கிறார். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் நூறு மீட்டரைக் கடக்க 72 விநாடி ஆகும், அப்படியானால் நாலைந்து விநாடிக்கு ஒருமுறை அவர் கண்ணுக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும். இப்போது நம் கண் முன்னால் நடப்பதைப் பாருங்கள். நாலைந்து சின்னக் கடைகளை இடித்துவிட்டு ஒரே பெரிய கண்ணாடிக் கட்டடம், ஒரே வாசல், மீதி முழுக்க மூடிய சுவர். அப்புறம் அந்த மூடிய சுவரை அழகாக்க ஓவியம் வேண்டும் என்கிறோம். பழைய சின்னக் கடைகளே ஓர் ஓவியம் மாதிரிதான் இருந்தன என்று எனக்குத் தோன்றும். இதற்கு நகராட்சிக்குப் பெரிய செலவில்லை, இத்தனை அகலத்துக்கு இத்தனை வாசல் இருக்க வேண்டும் என்று கட்டட அனுமதியிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.

பெரிய நகரங்களின் உதாரணம் எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். அதனால் ஒரு சின்ன ஊரையே சொல்கிறேன். ஸ்பெயினில் பொன்தெவெத்ரா, மக்கள்தொகை 80,000-க்குச் சற்று மேல். 1999-ல் லோரெஸ் என்ற மருத்துவர் அங்கே மேயராக வந்தார். அதற்கு முன் ஊரின் நடுப்பகுதி முழுக்கக் கார்கள்தான், குறுகலான பழைய தெருக்களில் நடக்கவே முடியாத நிலை. அவர்கள் சிலையில் ஆரம்பிக்கவில்லை, தரையில் ஆரம்பித்தார்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த மேடு பள்ளத்தை எடுத்துவிட்டு, தெரு முழுவதையும் ஒரே மட்டத்தில் கல் பாவினார்கள். தெரு நடப்பவருடையது, சரக்கு இறக்க வரும் வண்டியும் அங்கே குடியிருப்பவரின் வண்டியும் மெதுவாக வந்துபோகலாம், கார் நிறுத்த ஊர் ஓரத்தில் இடம். மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரியே ஒன்றை வரைந்து, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்தால் எத்தனை நிமிடம் என்று போட்டு ஊருக்கே கொடுத்தார்கள். நடந்தால் பத்து நிமிடம்தான் என்று கண்ணால் பார்த்த பிறகு வண்டியை எடுக்க யாருக்கு மனசு வரும்?

சரி, காரை வெளியே தள்ளினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அமெரிக்காவில் கலமசூ என்று ஒரு நகரம், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. 1959-லேயே கடைவீதிக்குள் கார் வருவதை நிறுத்தி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள், அந்த நாட்டில் இதுதான் முதல். பூச்செடி, நீர்த்தொட்டி, புல்வெளி எல்லாம் வைத்தார்கள். அதைப் பார்த்து அந்த நாட்டில் சுமார் 200 நகரங்கள் இதே வேலையைச் செய்தன. பெரும்பாலானவை பின்னால் காலியாகி, மறுபடி காருக்குத் திறந்துவிடப்பட்டன, கலமசூவிலும் ஒரு பகுதியை 1998-ல் திறந்துவிட்டார்கள். காரணம் புல்வெளியில் இல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள், கடைகளும் பின்னாலேயே போய்விட்டன. பொன்தெவெத்ராவில் கடைவீதிக்கு மேலேயே வீடுகள் இருக்கின்றன, ஜன்னலில் துணி காய்கிறது, பிள்ளைகள் தெருவிலேயே பந்து விளையாடுகிறார்கள். கடை மூடிய பிறகும் விளக்கு எரிகிற ஜன்னல் இருக்க வேண்டும். மாடியில் குடியிருப்பவர்களை விரட்டிவிட்டு முழுக்க குடோன் ஆக்கிய கடைவீதிக்கு எந்தச் சிற்பியாலும் உயிர் கொடுக்க முடியாது.

கடைக்காரர்களின் பயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாத் திட்டமும் முதலில் நிற்பது அங்கேதான். வண்டி வராவிட்டால் வியாபாரம் போய்விடும் என்பார்கள். பிழைப்பு சம்பந்தப்பட்ட பயம், அதை இளப்பமாகப் பேசக் கூடாது. 1962-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயட் தெருவை நடப்பவர்களுக்கு விட்டபோதும் இதே பேச்சுதான். 1972-ல் பிரேசிலின் குரிடிபா நகரில் மேயர் ஜேமி லெர்னர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலையை ஆரம்பித்து 72 மணி நேரத்தில் ஒரு முக்கியத் தெருவை நடைவீதியாக மாற்றினார், எதிர்த்த கடைக்காரர்களே பிறகு எங்கள் பக்கமும் நீட்டுங்கள் என்று கேட்டார்கள். கார்காரர்கள் கூட்டமாக வந்து தெருவை மறுபடி பிடிக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தபோது, அவர் போலீசைக் கூப்பிடவில்லை, தெரு நெடுக நீளமாகக் காகிதத்தை விரித்து, பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னார். வந்த கார்கள் திரும்பிப் போய்விட்டன. பொதுக்கலை என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காகிதம்தான்.

மரத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கோபமே உண்டு. அழகுபடுத்தும் வேலை முடிந்த ஒரு தெருவில் நான் பார்த்த மரம் ஒன்று. தண்டைச் சுற்றி ஒரு சாண்கூட விடாமல் சிமென்ட் பூசி, அதற்கு மேல் வண்ணக் கல் ஒட்டியிருந்தார்கள், பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. பாதுகாப்புக்கு என்று போட்ட இரும்பு வளையம் பட்டைக்குள் புதைந்திருந்தது, வளையத்துக்கு மேலே தண்டு வீங்கியிருந்தது. கையால் தடவினால் இரும்பு எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். கனரக உருளை வைத்து இறுக்கிய மண்ணில் காற்று கிடையாது, அதனால்தான் வேர்கள் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடைவெளியைத் தேடி மேலே வந்து நடைபாதையைத் தூக்குகின்றன. அப்புறம் மரம் நடைபாதையைக் கெடுக்கிறது என்று அதையே வெட்டுகிறோம். ஒரு பெரிய மரம் நன்றாக வளரச் சுமார் 30 கன மீட்டர் தளர்ந்த மண் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாம் கொடுப்பது ஒரு பெட்டி அளவுக் குழி. மேலே பாரத்தைத் தாங்கி, கீழே மண்ணை இறுகாமல் வைத்திருக்கும் கூடுகள் இப்போது கிடைக்கின்றன, தெருவைத் தோண்டும்போதே அவற்றை வைத்தால் மழைத் தண்ணீரையும் அங்கேயே இறக்கலாம். பிறகு வைக்க முடியாது. ஒரே தடவை தோண்டி, வடிகால், குழாய், கேபிள், வேருக்கான இடம் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட்டு, அதன் பிறகு மேலே கல் பாவுவதுதான் முறை. புதுக் கல் பாவிய மூன்றாம் மாதம் குழாய்க்காகத் தோண்டி, அந்த இடத்தை மட்டும் தார் ஊற்றி மூடியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

விளக்கைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. உயரமான கம்பத்தில் கண்ணைக் குத்தும் வெள்ளை எல்.இ.டி. போட்டால் சாலைதான் தெரியும், முகம் தெரியாது. நடப்பவருக்குத் தாழ்வான கம்பம் வேண்டும், மஞ்சள் கலந்த வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடக் கூட வெள்ளை கூடும்; தெருவிளக்கு 3,000 கெல்வினுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. மரத்தைச் சுற்றிப் பத்து நிறத்தில் மின்னும் விளக்குச் சரங்களை ஆண்டு முழுக்கக் கட்டி வைப்பதை யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும்.

இன்னொன்று, பார்வையற்றவர்களுக்கான புடைப்புக் கற்கள். ஜப்பானின் செய்ச்சி மியாகே 1965-ல் கண்டுபிடித்தது, 1967-ல் ஒகயாமா நகரில் முதன்முதலில் பதித்தார்கள். காலால் தடவி வழி தெரிந்துகொள்ள ஒரு கோடு. அழகு வேலையில் இதையும் ஒரு டிசைன் என்று நினைத்துக்கொண்டு, வளைத்து நெளித்துப் போடுகிறார்கள், கோடு நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கோட்டை நம்பி வருகிறவர் நெற்றியில் அடிபட்டுக்கொள்வார். இதை வேலையை மேற்பார்வை செய்தவர்களிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள், கம்பம் அங்கேயேதான் இருக்கிறது.

இனி கலைக்கு வருகிறேன். பொது இடத்தில் கலை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அருங்காட்சியகத்துக்கு ஒருநாளும் போகாத ஒருவர் கடைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு நல்ல சிற்பத்தைத் தாண்டிப் போவது பெரிய விஷயம். ஆனால் எல்லா வேலையும் முடிந்த பிறகு மிச்சம் இருக்கும் மூலையில் ஒன்றை வைப்பது, அல்லது யாரையும் கேட்காமல் நடுவில் ஒன்றை நிறுத்துவது, இரண்டுமே தப்பு. 1981-ல் நியூயார்க்கில் அரசு அலுவலகங்களின் முன் இருந்த சதுக்கத்தில் ரிச்சர்ட் செர்ரா என்ற பெரிய சிற்பியின் இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார்கள். 36 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம், சதுக்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றது. நேராக நடந்து போனவர்கள் சுற்றிப் போக வேண்டியிருந்தது, அங்கே வேலை பார்த்தவர்கள் கொதித்தார்கள். 1985-ல் பொது விசாரணை நடந்தது, பேசியவர்களில் அது இருக்கட்டும் என்றவர்கள்தான் அதிகம், ஆனாலும் 1989-ல் ஓர் இரவில் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடத்துக்காகவே செய்தது, இடம் மாற்றினால் அது அழிந்த மாதிரிதான் என்று சிற்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எட்டு வருடச் சண்டையை, வைப்பதற்கு முன்னால் அங்கே தினமும் நடப்பவர்களோடு எட்டு வாரம் பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிலடெல்பியாவில் வேறு வழியில் போனார்கள். 1984-ல் சுவர்க் கிறுக்கல்களைத் தடுக்க ஒரு திட்டம் ஆரம்பித்து, ஜேன் கோல்டன் என்ற ஓவியரை வேலைக்கு எடுத்தார்கள். கிறுக்கிக்கொண்டிருந்த பையன்களையே அவர் கூட்டிவந்து ஓவியம் வரைய வைத்தார். இன்றைக்கு அது 4,000-க்கும் மேற்பட்ட சுவரோவியங்களாக வளர்ந்திருக்கிறது. அவர்கள் கையாளும் ஒரு முறையைத்தான் சிறு நகரங்கள் கவனிக்க வேண்டும். பாராசூட் துணி என்று அவர்கள் சொல்லும் மெல்லிய துணியில் ஓவியத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த இடத்தில் எந்த வண்ணம் என்று எண் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், சிறையில் இருப்பவர்கள், தூரிகையே பிடித்துப் பழகாதவர்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே வண்ணம் தீட்டுவார்கள், பிறகு அந்தத் துணிகளைச் சுவரில் ஒட்டிச் சேர்ப்பார்கள். தன் கை பட்ட கட்டம் அந்தச் சுவரில் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு பாட்டி தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவார் அல்லவா, அந்தச் சுவரில் யார் போஸ்டர் ஒட்டத் துணிவார்கள்?

ஒரு விஷயத்தை நான் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். வண்ணத்தில் ஆரம்பித்தும் ஒரு நகரம் ஜெயித்திருக்கிறது. அல்பேனியாவின் திரானாவில் 2000-ல் மேயராக வந்த எதி ராமா அடிப்படையில் ஓவியர். கையில் பணம் இல்லை, ஊர் முழுக்க சாம்பல் நிறக் கட்டடங்கள். அவற்றுக்கு அடர்ந்த ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று பூசச் சொன்னார், ஊரே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. ஆனால் அவர் வண்ணத்தோடு நிறுத்தவில்லை. ஆற்றங்கரையை அடைத்துக்கொண்டிருந்த அனுமதியில்லாத கட்டடங்களை அகற்றினார், மரம் நட்டார், பூங்காக்களை மீட்டார். வண்ணம் ஒரு வாக்குறுதி மாதிரி இருந்தது, வேலை பின்னாலேயே வந்தது. வாக்குறுதியை மட்டும் சுவரில் பூசிவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

காசு குறைவாக இருக்கும் ஊருக்கு என் மனதில் இருக்கும் சிறந்த உதாரணம் ஜப்பானின் சாக்கடை மூடிகள். ஆமாம், தெருவில் கிடக்கும் இரும்பு மூடிகள்தான். 1980-களிலிருந்து அங்கே ஒவ்வோர் ஊரும் தன் மூடியில் தன் ஊருக்கே உரிய ஒன்றைப் பொறிக்க ஆரம்பித்தது, ஊரின் பூ, பறவை, கோட்டை, பாலம் என்று. எப்படியும் வாங்க வேண்டிய பொருள், எப்படியும் வார்க்க வேண்டிய இரும்பு. பெஞ்சு, குப்பைத்தொட்டி, சைக்கிள் நிறுத்தும் கம்பி, மரத்தைச் சுற்றிய கம்பி வலை, தெருப் பெயர்ப்பலகை எல்லாமே அப்படித்தான். இவற்றை எங்கோ அச்சடித்த கேட்லாக்கைப் பார்த்து ஆர்டர் போடுவதற்குப் பதில், அந்த ஊரிலேயே இருக்கும் ஓவியரையும் கொல்லரையும் கூப்பிட்டுக் கேட்கலாம். டெண்டர் போடும் நாளிலேயே ஓவியரும் மேஜையில் இருக்க வேண்டும், திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் அல்ல.

பராமரிப்பைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஈரம் கசியும் சுவரில் உப்புப் பூத்து ஓவியம் உரிந்துவிடும், வெயில் படும் சுவரில் சில வண்ணங்கள் சில வருடத்திலேயே வெளுத்துவிடும். ஜப்பானின் நவோஷிமா தீவில், மூவாயிரம் பேர் வாழும் இடத்தில், யாயோய் குசாமா என்ற கலைஞரின் மஞ்சள் பூசணிச் சிற்பம் 1994-லிருந்து கடலோரத்தில் இருந்தது. 2021 ஆகஸ்டில் சூறாவளி அதைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. 2022 அக்டோபரில் இன்னும் உறுதியாகச் செய்து அதே இடத்தில் மறுபடி வைத்தார்கள். அத்தனை சின்ன ஊருக்கு அது முடிந்திருக்கிறது, ஏனென்றால் அதைக் கவனிப்பது யார் பொறுப்பு என்பது அங்கே தெளிவாக இருந்தது. நம்மிடம் ஒரு பெஞ்சின் பலகை உடைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெஞ்சில் உட்காருபவருக்குத் தெரியுமா?

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். திறப்பு விழாவுக்கு நிருபரை அனுப்புகிறீர்கள், ரிப்பன் வெட்டும் படம் வருகிறது, நல்லது. இரண்டு மழைக்காலம் கழித்து அதே நிருபரை அதே தெருவுக்கு, ஒரு சாதாரண நாளில் மத்தியான வேளையில் அனுப்புங்கள். நட்ட மரங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை விளக்கு எரிகிறது, எந்தக் கல் ஆடுகிறது என்று எண்ணிக்கொண்டு வந்து எழுதச் சொல்லுங்கள். விழாப் படம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் கடைவீதியில் நடக்கும் ஒரு வாசகர்